திரையில் ஒரு தேமல்
(பொதுச் சொற்பொழிவு ஒன்றின் அச்சு வடிவம்)



குழந்தைகளின் தோல் நோயைத் தொலைவிலிருந்து, திரை வழியாகப் பார்க்கும் மருத்துவர்களுக்கு அந்த வேலையில் திருப்தி உண்டா, அதை எப்படி அளப்பது என்பது இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கும் பொருள். அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "நோயாளிக்குத் திருப்தியா என்று கேட்பது நியாயம். டாக்டருக்குத் திருப்தியா என்றுகூடவா கேட்பார்கள்?" என்றார். கேட்கிறார்கள். பல நாடுகளில் கேள்வித்தாள் நீட்டிக் கேட்கிறார்கள். விடைகளும் பெரும்பாலும் "திருப்தி", "மிகுந்த திருப்தி" என்றுதான் வருகின்றன. எனக்குச் சந்தேகம் தொடங்குவதே அங்கேதான்.

டாக்டரின் திருப்தி ஏன் முக்கியம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது அவருடைய சௌகரியம் பற்றிய விஷயம் இல்லை. திரையில் பார்ப்பதில் நம்பிக்கை இல்லாத மருத்துவர் சண்டை போட மாட்டார். வேலையை விட்டுப் போகவும் மாட்டார். எந்தக் குழந்தையைக் காட்டினாலும் "நேரில் கூட்டி வாருங்கள்" என்று எழுதி அனுப்பிவிடுவார். அப்போது தாய்க்கு ஒரு நாள் கூலியும் போகும், பஸ் செலவும் ஆகும், திரைக்கு முன்னால் காத்திருந்த நேரமும் வீண். இதற்கு எதிர்ப்பக்கம் ஒருவர் இருக்கிறார். எதைக் காட்டினாலும் திருப்தி அடைந்துவிடுகிறவர். நேரில் அழைக்க வேண்டிய குழந்தையையும் அவர் ஒரு களிம்பு எழுதி அனுப்பிவிடுவார். திருப்தி குறைந்தாலும் ஆபத்து, அளவுக்கு மீறினாலும் ஆபத்து. இப்படிப்பட்ட ஒன்றை "அதிகமாக இருந்தால் நல்லது" என்ற கணக்கில் அளக்கப் புறப்படுவதே கோளாறு.

கொஞ்சம் பின்னணி. தொலைவிலிருந்து தோல் நோய் பார்ப்பதற்கு டெலிடெர்மடாலஜி என்று 1995-இல் பெயர் வைத்தவர்கள் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த பெரெட்னியாவும் பிரௌனும். இந்தியாவில் ஆந்திரத்து ஆரகொண்டா கிராமத்தில் அப்பல்லோ மருத்துவமனை 2000-இல் தொலை மருத்துவ மையம் திறந்தது. மைசூரைச் சேர்ந்த பேராசிரியர் காந்தராஜ் போன்றவர்கள் தோல் மருத்துவத்தில் இதை எப்படிச் செய்யலாம் என்று பல ஆண்டுகளாக எழுதிவந்தார்கள். நெடுங்காலம் இது ஆர்வமுள்ளவர்களின் வேலையாகத்தான் இருந்தது. கொரோனா வந்து எல்லாரையும் இதற்குள் தள்ளியது. 2020 மார்ச் 25-இல் இந்தியாவின் தொலை மருத்துவ வழிகாட்டு நெறிகள் வெளிவந்தன. அடுத்த மாதமே, மொஹாலியில் உள்ள அரசுக் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய இ-சஞ்சீவனி என்ற தொலை மருத்துவத் தளத்தின் ஓ.பி. சேவை, வீட்டிலிருந்தபடியே டாக்டரைப் பார்க்கும் வசதியாகத் தொடங்கியது. அந்த ஆண்டு அதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் இருந்தது.

அந்த நெறிகளில் இரண்டு விஷயங்கள் நம் பொருளுக்கு வேண்டியவை. ஒன்று, சிறார்களைப் பார்ப்பதென்றால் உடன் ஒரு பெரியவர் இருக்க வேண்டும், அவர் யாரென்று மருத்துவர் உறுதி செய்துகொள்ள வேண்டும். இரண்டு, தொலைவிலிருந்து பார்த்தது போதுமா, நேரில் வரச் சொல்ல வேண்டுமா என்பது மருத்துவரின் முடிவு. போதாது என்று தோன்றினால் எந்த நேரத்திலும் அவர் நிறுத்திக்கொள்ளலாம். "எனக்குத் திருப்தி இல்லை" என்று சொல்லும் உரிமையை நெறியே அவர் கையில் கொடுத்திருக்கிறது. அந்த உரிமையை அவர் எப்போது பயன்படுத்தினார், எதற்காகப் பயன்படுத்தினார் என்பதுதான் அளக்கத் தக்கது.

இனி குழந்தைக்கு வருவோம். பெரியவர் ஒருவரிடம் "கையை நீட்டி அசையாமல் வையுங்கள்" என்றால் வைப்பார். இரண்டு வயதுக் குழந்தையிடம் சொல்லிப் பாருங்கள். போனைப் பிடுங்கும், அல்லது ஃபிளாஷ் வெளிச்சத்தைக் கண்டு அழும். படம் கலங்கித்தான் வரும். நேரலை வீடியோவில் படத்தின் தரம் இன்னும் குறைவு. அதனால் புண்ணின் ஓரம், செதில், நீர்க் கொப்புளம் இவற்றைப் பார்க்க நிழற்படம் மேல். குழந்தை எங்கே சொறிகிறது, தாய் தன் விரலிடுக்கையும் சொறிந்துகொள்கிறாளா என்று பார்க்க வீடியோ மேல். சிரங்குக்கு இது பெரிய துப்பு. கைக்குழந்தைக்குச் சிரங்கு வந்தால் உள்ளங்கை, உள்ளங்கால், முகம், தலையில்கூட வரும். பெரியவர்களுக்கு இந்த இடங்களில் வருவது அரிது. தாய் காட்டுவது அவளுக்குப் பெரிதாகத் தெரியும் இடத்தைத்தான். நேரில் என்றால் டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லி உடம்பு முழுவதும் பார்ப்பார். திரையில் அவர் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டும்: "காலைத் திருப்புங்க அம்மா. வீட்டில் வேற யாருக்காவது ராத்திரியில் அரிப்பு இருக்கா?"

பெற்றோர் எடுக்கும் படத்தை எவ்வளவு நம்பலாம் என்று பார்த்த நல்ல ஆய்வு ஒன்று ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் நடந்து 2017-இல் வெளிவந்தது. 40 குழந்தைகளின் பெற்றோர் தங்கள் போனிலேயே எடுத்த படங்களை வைத்து ஒரு தோல் மருத்துவர் நோயைச் சொன்னார். அதே குழந்தைகளை நேரில் பார்த்தும் நோய் சொல்லப்பட்டது. இரண்டும் 83 சதவீதம் ஒத்துப்போயின. படம் போதிய தரத்தில் இருந்த 37 பேரை மட்டும் எடுத்துக்கொண்டால் 89 சதவீதம். பெற்றோரில் ஒரு பகுதியினருக்குப் படம் எடுப்பது எப்படி என்று குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தார்கள், மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை. குறிப்பு பெற்றவர்களின் படங்களால் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏதும் வரவில்லை. நம் ஊர் மையங்களில் "படம் எடுப்பது எப்படி" என்று சுவரொட்டி ஒட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்த வரியைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

83 என்பது நல்ல எண்தான். ஆனால் அது அந்த ஊரின் குழந்தைகளுக்கு, அந்த ஊரின் நோய்களுக்கு. நம் குழந்தைகளின் நிறத்தில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. கருஞ்சிவப்பாகவோ, ஊதா சாயலாகவோ, சாம்பல் பூத்தாற்போலவோ தெரியும். உலகத் தோல் மருத்துவப் பாடநூல்களில் நெடுங்காலம் நிறைந்திருந்தவை வெள்ளைத் தோலின் படங்கள். போனோ தன் இஷ்டத்துக்கு வெளிச்சத்தைத் திருத்துகிறது, முகத்தை மெருகேற்றுகிறது. கரப்பான் வந்த கன்னம் மாசு மருவில்லாத விளம்பரக் கன்னமாக வந்து சேருகிறது.

இன்னொரு தொல்லையும் நம் நாட்டுக்குரியது. படர்தாமரை வந்த குழந்தைக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பைப் பூசிவிட்டுத்தான் பெரும்பாலும் டாக்டரைத் தேடுகிறார்கள். பூசப் பூச வட்டத்தின் விளிம்பு மங்கிவிடும். படத்தைப் பார்த்தால் படர்தாமரை மாதிரியே இருக்காது. 2018-இல் இந்தக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு ஆணையிட்டது. கடைகளில் விற்பனை நின்றதா என்பதை நீங்களே சொல்லலாம். நேரில் என்றால் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துச் சந்தேகம் தீர்த்துக்கொள்ளலாம். திரையில் அனுபவமுள்ளவர்கள் செய்வது ஒன்று உண்டு: "இதுவரை பூசின ட்யூபை எல்லாம் எடுத்து வந்து காமிரா முன்னால் காட்டுங்க" என்பார்கள். பாதி நோய் அந்த ட்யூபின் பெயரில் இருக்கும்.

இப்போது தேமலுக்கு வருகிறேன். இந்தப் பேச்சின் நடுப்புள்ளி இதுதான்.

எட்டு வயதுப் பையனின் கன்னத்தில் வெளிறிய திட்டு. படம் வருகிறது. பெரும்பாலும் அது சாதாரணத் தேமல். கவலை வேண்டாம், எண்ணெய்ப் பசை தரும் களிம்பு போதும், நாளாவட்டத்தில் மறையும். பெற்றோரின் பயம் அது வெண்புள்ளியாக இருக்குமோ என்பது. டாக்டரின் பயம் வேறு. தொழுநோயின் தொடக்கமும் குழந்தையிடம் இப்படி ஒரு வெளிறிய திட்டாகத்தான் வரலாம். தேசிய அளவில் தொழுநோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக நீடிக்கவில்லை என்று 2005 முடிவில் இந்தியா அறிவித்தது. ஆனாலும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேல் நம் நாட்டில்தான். அவர்களில் குழந்தைகளும் உண்டு. சந்தேகம் தீர என்ன செய்ய வேண்டும்? திட்டின்மீது பஞ்சு நுனியால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முழங்கை அருகே ஓடும் நரம்பை விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். முகத்தில் நரம்புகள் அதிகம் என்பதால் அங்கே உணர்ச்சிக் குறைவைக் கண்டுபிடிப்பது நேரிலேயே கஷ்டம். திரையில் எப்படி முடியும்?

முடியும், எதிர்முனையில் பழகிய கை ஒன்று இருந்தால். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பயிற்சி பெற்ற ஒரு செவிலியர் பஞ்சால் தொட்டு, நரம்பைப் பிடித்துப் பார்த்துச் சொன்னால், நகரத்தில் உட்கார்ந்திருக்கும் ஸ்கின் டாக்டர் நிம்மதியாக முடிவெடுப்பார். அதே படம், அதே போன், அதே இணைப்பு. குழந்தைக்குப் பக்கத்தில் பதற்றத்துடன் ஓர் அப்பா மட்டும் இருந்தால் டாக்டருக்கு அந்த நிம்மதி கிடையாது. அப்படியானால் கேள்வித்தாளில் "இந்தத் தொழில்நுட்பம் உங்களுக்குத் திருப்தியா?" என்று கேட்டு நாம் அளந்தது எதை? எதிர்முனையில் யார் இருந்தார் என்பதைத்தான். பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வண்டியில் போய்க் குழந்தைகளைப் பரிசோதிக்கும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் (ஆர்.பி.எஸ்.கே.) குழுக்கள் 2013 முதல் இருக்கின்றன. தோல் நோய்களும் அவர்கள் பட்டியலில் உண்டு. திரை மருத்துவத்துக்கு இப்படிப்பட்ட கைகளைவிட நல்ல கருவியை நான் பார்க்கவில்லை.

அளவுகோல்களைப் பற்றிச் சுருக்கமாக. "முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்" முதல் "முற்றிலும் மறுக்கிறேன்" வரை ஐந்து கட்டங்கள் போட்டு மனப்பாங்கை அளக்கும் முறையை ரென்சிஸ் லிக்கர்ட் 1932-இல் கொடுத்தார். 1989-இல் ஃப்ரெட் டேவிஸ், ஒரு கருவியை மனிதர்கள் ஏற்பது இரண்டு காரணங்களால் என்றார்: பயன் உண்டு என்ற எண்ணம், பயன்படுத்த எளிது என்ற எண்ணம். இரண்டில் பயனுக்கே கனம் அதிகம் என்றும் காட்டினார். இது எனக்கு மிகப் பிடித்த முடிவு. செயலி எவ்வளவு சிக்கலாக இருந்தாலும் குழந்தைக்கு உதவியது என்று தெரிந்தால் டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே பயன்படுத்துவார். 2016-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தொலை மருத்துவத்துக்கென்றே 21 கேள்விகள் கொண்ட தாள் ஒன்றை உருவாக்கினார்கள். ஒழுங்கான தாள். ஆனால் எல்லா நோய்க்கும் எல்லா வயதுக்கும் பொதுவான தாள். குழந்தை அழுததா, முழு உடம்பையும் பார்க்க முடிந்ததா, பக்கத்தில் இருந்தவர் யார் என்று அது கேட்பதில்லை.

அந்தத் தாளை யார் நீட்டுகிறார் என்பதும் விடையை மாற்றும். மாவட்ட அதிகாரியின் அலுவலகத்திலிருந்து கூகுள் படிவம் வருகிறது, மேலே பெயரும் பணியிடமும் எழுதச் சொல்கிறது. இடமாறுதலுக்கு மனு போட்டிருக்கும் டாக்டர் அதில் "மறுக்கிறேன்" என்ற கட்டத்தை டிக் செய்வார் என்று நினைக்கிறீர்களா? இன்னொரு பிழை இதைவிடப் பெரியது. வழக்கமாகக் கேட்பது இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கும் மருத்துவர்களை. பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களிடம் மட்டும் சமையல் எப்படி என்று கேட்டால் என்ன பதில் வரும்? எழுந்து போனவரைப் போய்க் கேட்க வேண்டும். மூன்று மாதம் பார்த்துவிட்டு லாகின் செய்வதையே நிறுத்தியவரின் ஒரு விடை, தினமும் பார்ப்பவர்களின் நூறு விடைகளைவிட எனக்கு மதிப்புள்ளது.

திருப்தியை விடுங்கள், சரியாகச் சொன்னாரா என்று பார்த்தால் போதாதா என்பார்கள். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சிரங்கு பரவிய ஒரு விடுதியிலிருந்து நூறு குழந்தைகளின் படம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தைத் திறக்காமலேயே எல்லாருக்கும் சிரங்கு என்று எழுதினாலும் பெரும்பாலும் சரியாக இருக்கும். இப்படித் தற்செயலாகப் பொருந்துவதைக் கழித்துவிட்டு, மிச்சம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சொல்லும் அளவை ஜேக்கப் கோஹன் 1960-இல் கொடுத்தார்; கப்பா என்பார்கள். வெறும் சதவீதத்தைச் சொல்லிக் கப்பாவைச் சொல்லாத அறிக்கையை நான் பாதிதான் நம்புவேன். இன்னொன்றும் உண்டு. ஒரே குழந்தையை நேரில் பார்க்கும் இரண்டு தோல் மருத்துவர்களும் எப்போதும் ஒரே நோயைச் சொல்வதில்லை. ஆகவே திரையிடம் நூறு சதவீதம் கேட்பது நியாயமில்லை.

அப்படியானால் எப்படித்தான் அளப்பது? என் யோசனை எளியது. ஆண்டு முடிவில் ஒரு தடவை கேட்காமல், ஒவ்வொரு குழந்தையைப் பார்த்து முடித்ததும் அரை நிமிடத்தில் கேளுங்கள். நீங்கள் சொன்ன நோயில் உங்களுக்கு எவ்வளவு உறுதி? குழந்தை நேரில் இருந்திருந்தால் வேறு என்ன செய்திருப்பீர்கள்? இந்த இரண்டாம் கேள்விதான் தங்கம். "தொட்டுப் பார்த்திருப்பேன்", "சுரண்டிப் பார்த்திருப்பேன்", "முதுகைப் பார்த்திருப்பேன்", "ஒன்றும் வேறாகச் செய்திருக்க மாட்டேன்" என்று வரும் விடைகளை ஒரு மாதம் சேர்த்துப் பாருங்கள். எதற்குப் பயிற்சி வேண்டும், எதற்குக் கருவி வேண்டும், எந்த நோய்க்குத் திரையே போதும் என்று தானாகத் தெரிந்துவிடும். கூடவே, குலுக்கல் முறையில் சில குழந்தைகளை நேரில் வரவழைத்துப் பார்க்க வேண்டும். உறுதியாக இருந்து சரியாகச் சொன்னவர் பிரச்சினை இல்லை. தயங்கித் தயங்கிச் சரியாகச் சொன்னவர் களைத்துப்போவார். அவருக்குத் துணை வேண்டும். தயங்கிய இடத்தில் தவறினவரும் நேரில் வரச் சொல்லித் தப்பித்துக்கொள்வார். உறுதியாக இருந்து தவறாகச் சொன்னவர்தான் ஆபத்து. சாதாரணக் கேள்வித்தாளில் முதலாமவரும் இவரும் ஒரே கட்டத்தில், "மிகுந்த திருப்தி" என்ற கட்டத்தில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மருத்துவர் என்று ஒருமையில் பேசிவந்தேன். இதில் இருவர் இருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் படம் எடுத்து அனுப்பும் டாக்டர் ஒருவர், பார்த்துச் சொல்லும் ஸ்கின் டாக்டர் ஒருவர். முன்னவருக்குப் பதில் அன்றே வந்தால் திருப்தி; அடுத்த முறை இதே மாதிரி ஒரு குழந்தை வந்தால் தானே பார்த்துக்கொள்ளலாம் என்ற அளவுக்கு விளக்கமும் வந்தால் இன்னும் திருப்தி. பின்னவருக்குப் படத்தின் தரமும், இந்த வேலை தன் பணி நேரத்தில் சேருமா சேராதா என்பதும், நாளைக்கு வழக்கு வந்தால் யார் பொறுப்பு என்பதும் முன்னால் நிற்கும். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் கிடைப்பது யாருடைய திருப்தியும் இல்லை.

திரையால் பெரிய நன்மை கிடைக்கும் இடத்தையும் சொல்லாமல் விட்டால் நான் அநியாயம் செய்தவனாவேன். பச்சிளம் குழந்தைகளுக்கு வரும் இரத்தக்குழாய்க் கட்டி ஒன்று உண்டு. செக்கச்செவேலென்று தடித்து வளரும். பெரும்பாலானவை தாமே சுருங்கும். கண்ணருகே, உதட்டில், மூக்கு நுனியில் வந்தால் விடக்கூடாது. அமெரிக்க மருத்துவர்கள் டோலஃப்சனும் ஃப்ரீடனும் பெற்றோர் எடுத்து வைத்திருந்த குழந்தைப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்து 2012-இல் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கட்டி மிக வேகமாக வளர்வது ஐந்தரை வாரத்துக்கும் ஏழரை வாரத்துக்கும் நடுவில். அதனால் நான்காவது வாரத்திலேயே நிபுணரிடம் காட்டுவது நல்லது. 2008-இல் ஃப்ரான்சின் போர்தோ மருத்துவர்கள் புரோப்ரனலால் மருந்துக்கு இந்தக் கட்டி சுருங்குவதைக் கண்டு சொன்ன பிறகு சிகிச்சையும் கையில் இருக்கிறது. பிரசவித்த தாய் ஒரு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகரத்து மருத்துவமனையில் டோக்கனுக்கு நிற்கும் வயது அதுவா? ஒரு படம் அனுப்பினால் "இது காத்திருக்கலாம்", "இது நாளைக்கே வர வேண்டும்" என்று நிபுணர் பிரித்துவிடலாம். கொரோனா காலத்தில், ஆபத்துக் குறைவான குழந்தைகளுக்கு இந்த மருந்தைத் தொலைவிலிருந்தே தொடங்குவது எப்படி என்று நிபுணர் குழுவே யோசனை வெளியிட்டது. இந்த மாதிரி வேலையில் டாக்டருக்குக் கிடைக்கும் திருப்திக்குக் கேள்வித்தாளே வேண்டாம்.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. குழந்தைக்கு தொடையிடுக்கிலும் பிட்டத்திலும் வரும் தடிப்புக்குத் தாய் படம் எடுத்து அனுப்புகிறாள். அது யார் போனில் தங்குகிறது? டாக்டரின் சொந்த வாட்ஸ்அப்பில், அவர் வீட்டுக் கல்யாணப் படங்களுக்கு நடுவில் தங்கினால் அவருக்கே நிம்மதி இராது. 2023-இன் தனிநபர் தரவுச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் விஷயத்தில் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. பாதுகாப்பான சேமிப்பை ஏற்பாடு செய்ய வேண்டியவர்கள் சேவையை நடத்துகிறவர்கள். அதைத் தனி டாக்டரின் தலையில் கட்டிவிட்டு அவரிடமே திருப்தியா என்று கேட்பது அழகில்லை.

சேவை நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: அடுத்த கேள்வித்தாளை அச்சடிக்கும் முன் "நேரில் இருந்திருந்தால் வேறு என்ன செய்திருப்பீர்கள்?" என்ற ஒரு வரியைச் சேருங்கள், பெயர் எழுதும் இடத்தை எடுத்துவிடுங்கள். இங்கே வந்திருக்கும் பெற்றோருக்கு: சன்னல் வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல், கிட்டத்தில் ஒன்றும் தள்ளி நின்று ஒன்றுமாகப் படம் எடுங்கள். பூசிய ட்யூபை மறைக்காதீர்கள். திரையில் பார்த்த டாக்டர் "இது எனக்குப் போதவில்லை, நேரில் கூட்டி வாருங்கள்" என்றால் ஏமாற்றிவிட்டார் என்று எண்ண வேண்டாம். அவர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.